செத்தவர் பெட்டி

1945 ஜூலை 2, திங்கள்

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் எவரும் நாட்குறிப்பு எழுதக்கூடாது. மீறினால் சிறை. இந்த உத்தரவை மூன்று பிரதி டைப் அடித்து, சுவரில் பசை தடவி ஒட்டியவன் நான்தான். ஒட்டிய கையோடு, கேப்டன் ஹார்வுட் துரை குப்பையில் போட்ட 1943ஆம் வருஷ டைரியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கிழமையெல்லாம் தப்பாக இருக்கிறது. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

காரணம் உண்டு. நான் தூக்கத்தில் பேசுகிறவன். புரசைவாக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தபால்காரர் குடும்பம். பகலில் காகிதத்தில் கொட்டிவிட்டால் ராத்திரி வாய் மூடும் என்பது என் கணக்கு. உலகம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனைவியிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்ற சர்க்கார் எனக்குச் செய்துகொடுத்த ஒரே வசதி அது.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரத்தில் இரண்டு முறை தவறியவனை ராணுவ உளவுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் யுத்தம் எவ்வளவு மும்முரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேத்துப்பட்டில் யாரோ ஒரு ஜமீன்தாரின் பங்களா. அதில் முப்பதாயிரம் அட்டைகள். மலேயாவில் ஜப்பான்காரனோடு சேர்ந்துகொண்ட இந்தியர்கள் ஆளுக்கொரு அட்டை. வெள்ளை மூடிப் பெட்டி என்றால் பயமில்லை. சாம்பல் என்றால் விசாரணை. கறுப்பு என்றால் விசாரணை, பிறகு அநேகமாகக் கயிறு. செத்துப்போனவர்களுக்கு வர்ணம் கிடையாது, வெறும் மரப்பெட்டி. இடம் போதாமல் அவற்றை ஜமீன்தாரின் குளியல் தொட்டிக்குள் அடுக்கியிருக்கிறோம்.

அட்டைகளை வரிசைப்படுத்துவதில் என் மூளையும் இருக்கிறது. துரைமார்களுக்கு ஒவ்வொருவனுக்கும் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது ஏது? "இதில் எது குடும்பப் பெயர்?" என்று ஹார்வுட் துரை கேட்டபோது, முன்னெழுத்தை விரித்து, அதில் வரும் பெயரை முதலில் போட்டு வரிசைப்படுத்தலாம் என்றேன். அது தகப்பன் பெயர் என்று சொல்லவில்லை. "இது, சார்" என்று விரலால் காட்டினேன். துரை என் தோளில் தட்டினார். தலைமை குமாஸ்தா ஞானமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். துரை கேட்காததற்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை.

ஜூலை 9

இன்று முழுக்க ஆள் கணக்கு. யுத்தம் முடியும்போது நம் படை மலேயாவில் இறங்கும். பின்னாலேயே விசாரணைக் குழு போகும். சாம்பலும் கறுப்புமாக ஒன்பதாயிரம் பேர். ஒருவர் ஒரு நாளில் பத்துப் பேரை விசாரிக்கலாம். ஆறு பேர் விசாரித்தால் நூற்றைம்பது நாள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. துரை பன்னிரண்டு அதிகாரிகளும் எட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்டு டெல்லிக்கு எழுதினார். நான்கு அதிகாரிகள், இரண்டு மொழிபெயர்ப்பாளர், ஒரு சமையற்காரர் என்று பதில் வந்தது. கேட்காத சமையற்காரர் இருந்த வரியைத் துரை இரண்டு தரம் வாசித்தார்.

உலகம்மாள் வழக்கம்போலக் கேட்டாள். "மலேயா பத்தித்தான வேல பாக்கியோ? கோமதியப் பத்தி ஒரு சேதி வராதா?"

எங்கள் ஒரே பையன் கோமதிநாயகம். நாற்பதில் பினாங்குக்குக் கப்பல் ஏறி, ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாகச் சேர்ந்தான். நாற்பத்திரண்டு ஜனவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. "நான் பாக்கிறது அரிசி கோட்டா வேல" என்றேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒருத்தி அரை மூட்டை கூடுதலாகக் கேட்டு மனுவே கொடுத்துவிட்டாள்.

ஜூலை 17, செவ்வாய்

பர்மா முனையில் பிடிபட்டவர்களை விசாரித்ததில் அறுபது புது அட்டைகள் வந்தன. ஹார்வுட் துரை ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அறைக்குள் வந்தார். "ஆவுடையப்பன்! உம்மைத் தேடுகிறோம், ஓய்! கறுப்பு!"

அட்டையின் தலைப்பில் பெரிய எழுத்தில் என் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாபி ஹவில்தார் என் கையைப் பிடித்து விலங்கு மாட்டுகிற மாதிரி செய்தார். நானும் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தேன்.

ஞானமுத்து மட்டும் அட்டையை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர், நாசரேத். "வீரவநல்லூர்னு போட்டிருக்கே. ஒம்ம ஊருல்லாவே?"

"எங்க ஊர்ல தெருவுக்கு மூணு ஆவுடையப்பன் சார். கோயில்ல நின்னு ஆவுடையப்பான்னு கூப்பிட்டா சாமியத் தவிர எல்லாரும் திரும்பிப் பாப்பாக."

அதற்கும் சிரித்தார்கள். நல்ல நாள்தான்.

ஜூலை 17, தொடர்ச்சி

அட்டையில் இருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

"ஆவுடையப்பன், கோமதிநாயகம். வயது சுமார் 28. ஊர் வீரவநல்லூர், திருநெல்வேலி ஜில்லா. தோட்டக் கிராணி. நீர்மூழ்கியில் கொண்டுவந்து இந்தியக் கரையில் இறக்கிவிடப்படும் ஒற்றர்களுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தவன். கறுப்பு. கடைசியாகக் காணப்பட்டது ஈப்போ, ஏப்ரல் 1945. அடையாளம்: இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறான். தமிழ் எழுத்தில் 'வடிவு' என்ற பெண் பெயர். கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது. வலி தாங்காமல் எழுந்து ஓடிவிட்டதாக அவனே சொல்லிச் சிரிப்பானாம்."

தந்தி கற்றுக்கொண்டால் உலகத்தில் எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்று காதைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சேர்த்துவிட்டது யார் என்று அந்த அட்டையில் இல்லை. உளவுப் பிரிவின் வேலை அவ்வளவுதான்.

ஜூலை 18

சாப்பிடவில்லை.

ஜூலை 21, சனி

தெருவுக்கு மூன்று ஆவுடையப்பன் என்பது உண்மைதான். ஆனால் மூன்று பேருக்கும் கோமதிநாயகம் என்று பிள்ளை இல்லை. மூன்று பேருக்கும் வடிவு என்று மருமகள் இல்லை. வடிவு என் மைத்துனர் சங்கரபாண்டியனின் மகள். கல்யாணம் ஆன நாலாம் மாசம் பையன் கப்பல் ஏறினான். அவள் ஊரில் தகப்பன் வீட்டில் இருக்கிறாள். அவன் கடைசிக் கடிதத்தில், வரும்போது கையில் ஓர் அதிசயம் கொண்டு வருவேன் என்று எழுதியிருந்தான். வளையல் என்று நினைத்தோம்.

புதிதாக வரும் குமாஸ்தாக்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது: அட்டையைக் கிழித்தால் எண் குறையும், மாட்டிக்கொள்வாய். இடம் மாறி வைத்தால் எண் குறையாது, ஆனால் அந்த ஆள் உலகத்திலேயே இல்லை. ஆகையால் கவனம்.

இன்று சனிக்கிழமை, அரை நாள். எல்லோரும் போன பிறகு, கறுப்புப் பெட்டியிலிருந்து பையனின் அட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, மூலையில் 'இறந்தார்' முத்திரை குத்தி, உள்ளே செருகினேன். முன்னால் பெராக்கில் காய்ச்சலில் போன ஒருவர். பின்னால் ரயில் பாதை வேலையில் போன ஒருவர்.

செத்தவர்களை யாரும் தேடமாட்டார்கள். அப்பன் செய்யக்கூடிய வேலையா என்று கேட்டால், கயிற்றை விட முத்திரை மேல்.

கை கழுவினேன். சோப்பு போட்டும் ஊதா மை போகவில்லை.

ஆகஸ்ட் 8

ஒரே ஒரு குண்டு. ஜப்பானில் ஓர் ஊரே இல்லை. பேப்பரை மூன்று தரம் படித்தேன், அச்சுப்பிழையோ என்று. ஹார்வுட் துரை வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி, சின்னக் கொடி கட்டிய ஊசியைக் குத்தப் போய், குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 15, புதன்

யுத்தம் முடிந்தது. தெருவில் வெடி. உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி கப்பல் வரும்லா? வரும்லா?" என்றாள். "வரும்" என்றேன். எந்தக் கப்பலில் யார் வருவார் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

ஒரு வருஷமாகப் போட்ட திட்டம் அத்தனையும் மூன்று நாளில் பழம்பேப்பர். சண்டை போட்டு இறங்கப் போகிறோம் என்று நினைத்துப் போட்டது. இப்போது சும்மா நடந்து போகலாம். டெல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யுத்தமே இல்லை, உமக்கு எதற்கு இருபத்திரண்டு குமாஸ்தா என்று தந்தி. இரண்டு வாரத்தில் ஒன்பதாகக் குறைக்க வேண்டும். ஆனால் அட்டை முப்பதாயிரமும் அப்படியே இருக்கிறது.

துரை எங்களைக் கூட்டி, "ஒரு வாரத்தில் முழுதாக முடித்துக் காட்டக்கூடிய வேலை எது? அதை வைத்துத்தான் நான் மீதிப் பேரைக் காப்பாற்ற முடியும்" என்றார்.

நான் எழுந்தேன். "செத்தவர் பெட்டி, சார். விசாரணை கிடையாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். எண்ணி, ஆணி அடித்து, டெல்லிக்கு அனுப்பிவிடலாம். முடிந்த வேலை."

துரை மேஜையைத் தட்டினார். "ஆவுடையப்பன், நீர் ஜெனரலாக வேண்டியவர்!"

டெல்லியில் எந்தக் கிடங்கில் போட்டாலும் சரி. ஆணி அடித்த பெட்டியை எவன் திறப்பான்? வருகிற வழியில் கற்கண்டு வாங்கி வந்தேன். ஏன் என்று உலகம்மாள் கேட்டாள். யுத்தம் முடிந்ததற்கு என்றேன்.

ஆகஸ்ட் 20

ஜெனரலான என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழுவோடு கப்பலில் போகிற சாமான்களுக்குப் பட்டியல் போட வேண்டும். நாற்காலி, டைப்ரைட்டர், சமையற்காரரின் அண்டா. நாலு நாள் வெயில்.

ஆகஸ்ட் 24

திரும்பி வந்தேன். குளியல் தொட்டி காலி. பெட்டிகளை ஆணி அடித்துக் கூடத்தில் அடுக்கியிருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். நான் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமூச்சு ஒன்று வந்தது. ஜமீன்தார் கூட இங்கே இவ்வளவு நிம்மதியாகக் குளித்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

தந்தி.

ஆகஸ்ட் 29

நேற்று எழுத முடியவில்லை.

பக்கத்து வீட்டுத் தபால்காரரே கொண்டுவந்தார். முகத்தைப் பார்த்ததுமே உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து சங்கரபாண்டியன் மச்சான் அடித்திருந்தார். "கோமதி காலமானதாக சர்க்கார் கடிதம். உடனே புறப்படவும்."

அவள் அழவில்லை முதலில். "சர்க்காரா? எந்த சர்க்காரு? அதுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைக் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். பிறகு அழுத அழுகையை எழுதப் போவதில்லை.

இன்று காலை அலுவலகத்துக்கு ஓடினேன். ஞானமுத்து மேஜையைவிட்டு எழுந்தே நின்றார்.

"பெட்டிய ஆணி அடிக்கத்தான சொன்னேன்?"

"ஆணி அடிக்கறதுக்கு முன்னால வீட்டுக்காரங்களுக்கு ஒரு வரி எழுதுறது மனுஷத்தனம்னுட்டாரு துரை. நல்ல மனுஷன். நானூத்திப் பன்னெண்டு கடுதாசி. தற்காலிகமா வந்த ரெண்டு பொண்ணுங்க மூணு நாள்ல அடிச்சு முடிச்சிட்டாங்க. நான்தான் ஒறைய ஒட்டுனேன்."

"என் பேரப் பாக்கலையா சார் நீங்க?"

"பாத்தேன். பாத்து நின்னேன். கறுப்புல இருந்த ஆளு இதுக்குள்ள எப்படி வந்தான், எப்ப செத்தான்னு நின்னேன்." குரலைத் தாழ்த்தினார். "தெருவுக்கு மூணு ஆவுடையப்பன்னு நீருதானவே சொன்னீரு? நான் நம்புனேன்வே."

நான் சுவரைப் பார்த்தேன். நாட்குறிப்பு எழுதக்கூடாது என்ற உத்தரவு, நான் ஒட்டியது, ஒரு மூலை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"லீவு எழுதிக் குடும். போம்" என்றார்.

ஆகஸ்ட் 31, வீரவநல்லூர்

ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உலகம்மாள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நாற்பது தடவையாவது வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும், சொன்னால் அவள் அழுகை நின்றுவிடும், நின்றதும் ஊருக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரிந்தால் சர்க்காருக்குத் தெரியும், பிறகு கயிறு என்று கணக்குப் போட்டு மூடிக்கொண்டேன். ஆள் கணக்குப் போட்டுப் பழகியவன். நானே போட்ட கணக்கு எல்லாம் வந்து சேர்ந்த இடம் எனக்குத் தெரியாததா?

வடிவு முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போகிறார்கள். அவள் அழுவதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்று, "வாங்க மாமா" என்றாள். ஐந்து வருஷமாக எப்படிச் சொல்வாளோ அப்படி.

சாவு எப்போது என்று கடிதத்தில் இல்லை. ஆகையால் பதினாறு நாள் காக்க வேண்டாம், வருகிற திங்களே எல்லாக் காரியத்தையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் தீர்மானம். எல்லாக் காரியமும் என்றால் வடிவின் தாலியும் சேர்த்து.

செப்டம்பர் 1

தாலி. நான் அதை நினைக்கவே இல்லை. கயிறு, கயிறு என்று ஒரு கயிற்றை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு

மச்சான் கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "மாப்ளே, நீங்க இங்கிலீசு படிச்சவுக. இதுல எங்கயாச்சும் சந்தேகம் இருக்கான்னு பாருங்க. ஒரு தடவ பாத்திருங்க. எம்மவ கழுத்துல கை வைக்கதுக்கு முந்தி."

நல்ல காகிதம். அரைப்புள்ளி தவறாமல் அடித்திருந்தாள் அந்தத் தற்காலிகப் பெண். 'ஆவுடையப்பன், கோமதிநாயகம்' என்று தலைப்பு. ஆழ்ந்த வருத்தம். கீழே ஹார்வுட் துரையின் கையெழுத்து, நிஜமாகவே வருத்தப்பட்டுப் போட்டது போல.

"என்ன சொல்லுதிய?"

"சர்க்கார் கடுதாசிதான் மச்சான்" என்றேன்.

அது பொய் இல்லை. அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

செப்டம்பர் 3, திங்கள்

நடந்தது நடந்தபடி.

காலையில் வடிவைக் குளிக்கவைத்து, பட்டு உடுத்தி, பூ வைத்து, மஞ்சள் பூசி முற்றத்தில் உட்காரவைத்தார்கள். அறுக்கப் போகிறவளுக்கு எதற்கு அலங்காரம் என்று இந்த வழக்கத்தை வைத்தவனைக் கேட்க வேண்டும். ஊர்க்கிழவிகள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பால் கிண்ணம் ஒன்று, தாலியைக் கழற்றிப் போடுவதற்கு. உலகம்மாள் உள்ளே சுருண்டு கிடந்தாள். ஆண்கள் வெளியே போக வேண்டும் என்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

எழுந்தவன் போகவில்லை. கால் வரவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"கை வைக்காதீங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அது கத்தலாக வந்தது.

கிழவிகளில் ஒருத்தி, "பெத்தவனுக்குப் புத்தி பெரண்டுட்டு. கூட்டிட்டுப் போங்கய்யா" என்றாள்.

"அவன் சாகல. நான்தான் சாகடிச்சேன். காயிதத்துல. மை வச்சு முத்திர குத்தி நான்தான் போட்டேன்."

மச்சான் என் சட்டையைப் பிடித்தார். "என்ன ஒளறுதிய மாப்ளே? அரிசி கோட்டா ஆபீசுல ஏது முத்திர?"

"அரிசி கோட்டா இல்ல மச்சான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பங்களா, பெட்டி, வர்ணம், தொட்டி. பைத்தியக்காரன் உளறல் மாதிரிதான் இருந்தது, எனக்கே. சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என் துணிப்பெட்டியை எடுத்து வந்து, துணிக்கு அடியிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். பதினேழாம் தேதியைத் திறந்து வடிவிடம் கொடுத்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் பாதி வாழ்க்கையாக அலட்டிக்கொள்ளும் ஐந்தாம் பாரத்துக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

அவள் நிதானமாகப் படித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். விரல் அதே இடத்தில் நின்றது.

சிரித்துவிட்டாள்.

சாவு வீட்டில், மஞ்சள் பூசிய முகத்தோடு, வாய்விட்டு. கிழவிகள் பயந்து விலகினார்கள்.

"காது குத்துக்கு ஊசியப் பாத்தே மயக்கம் போட்ட ஆளு" என்றாள். "பாதியில ஓடத்தான் செய்யும்."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

உள்ளேயிருந்து உலகம்மாள் வந்தாள். என் முன்னால் வந்து நின்று ஒரு வார்த்தை கேட்டாள். "ரயில்ல வரும்போது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய் வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தாலியைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் திண்டாடிப்போய், "இப்ப என்ன செய்ய? வெளிய தெரிஞ்சா அவனப் புடிச்சுத் தூக்குல போட்ருவாகளே? அந்த அட்ட அங்கனயே கெடக்கட்டும். நாம மட்டும் உயிரோட இருக்கான்னு இருந்துக்கிடுவோம்" என்றார். நான் தலையாட்டினேன். அதுதான் என் யோசனையும்.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இல்ல மாமா. எடுத்துக் கறுப்புப் பெட்டியிலயே வையுங்க."

"ஏட்டி, கறுப்புன்னா..."

"கறுப்புன்னா தேடுவாகல்லா? செத்தவுக பெட்டியில கெடந்தா யாரு மாமா தேடுவா? எங்கயாச்சும் காச்சல்ல கெடந்தா யாரு போயிப் பாப்பா? புடிச்சா புடிக்கட்டும். புடிச்ச ஆளுக்கு ஒரு எடம் உண்டும். போயி நின்னு கேக்கலாம்."

பால் கிண்ணத்தில் ஈ விழுந்து கிடந்தது. யாரோ எடுத்து வெளியே கொட்டினார்கள்.

செப்டம்பர் 6, சென்னை

ஹார்வுட் துரை நாளை மறுநாள் மலேயாவுக்கு விமானம் ஏறுகிறார். அறையில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டைரியையும் மேஜையில் வைத்தேன். சிறை என்று நானே அடித்த உத்தரவு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரிந்தது.

துரை நெடுநேரம் பைப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உம் மகன்" என்றார் கடைசியில். "எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரே குடும்பப் பெயர்."

"குடும்பப் பெயர் இல்லை சார். அது நான்."

"புரியவில்லை."

"ஆவுடையப்பன் நான் சார். அவன் வெறும் கோமதிநாயகம். அங்கே யாருக்கும் அவனை ஆவுடையப்பன் என்று தெரியாது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனே திரும்பமாட்டான்."

பைப் நின்றது. "அப்படியானால் மற்ற அட்டைகள்?"

"தமிழர் எல்லோருக்கும் அப்படித்தான் சார். முதலில் இருப்பது தகப்பன் பெயர்."

துரை உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இல்லை, கட்டிவைத்த பெட்டிதான் இருந்தது. அவர் முகம் அந்தக் குண்டு விழுந்த அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"இரண்டு வருஷம்" என்றார். "ஆறாயிரம் தமிழர். இரண்டு வருஷமாக நாம் இவர்களுடைய அப்பாக்களையா தேடிக்கொண்டிருக்கிறோம்?"

"நீங்கள் கேட்டீர்கள் சார், எது குடும்பப் பெயர் என்று. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "உம்மைச் சிறைக்கு அனுப்ப எனக்கு ஆசைதான். ஆனால் இந்த ஆறாயிரத்தையும் திருப்பிப் போட வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார். டைரியைத் திருப்பித் தந்தார். "இதை நான் பார்க்கவில்லை. கிழமைகூடத் தப்பு."

செப்டம்பர் 7

டெல்லிக்குப் போகாமல் கூடத்திலேயே கிடந்த பெட்டியின் ஆணியைப் பிடுங்கி அட்டையை எடுத்தேன். முத்திரையின் மேல் குறுக்கே கோடு. புது அட்டை நானே அடித்தேன். 'கோமதிநாயகம்' முதலில், என் பெயருக்கு ஒரே ஓர் எழுத்து இடம் கொடுத்தேன், போதும். கறுப்பு மூடியைத் திறந்து உள்ளே வைத்தேன். மூடியைச் சாத்த மூன்று தரம் கை போய்த் திரும்பியது. தொட்டியில் உட்கார்ந்து முத்திரை குத்தியபோது ஒரே தரத்தில் குத்தினேன் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பிறகு ஊருக்கு ஒரு கடிதம் அடித்தேன். முந்திய கடிதம் தவறு, மேற்படியார் இறந்ததாகத் தகவல் இல்லை, வருந்துகிறோம். ஹார்வுட் துரை கையெழுத்துப் போட்டார், புது அட்டையின் பிரதி ஒன்றையும் மலேயாவுக்குப் போகிற தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். மீதி நானூற்றுப் பதினோரு கடிதங்களையும் சரிபார்க்கச் சொல்லி உத்தரவிட்டார். நியாயம்தான். என்னைப்போல இன்னொரு அப்பன் இருக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்?

செப்டம்பர் 15

ஆயிரத்து நூறு அட்டை திருப்பியாயிற்று. உலகம்மாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள். நேற்று ரசம் இருந்தது.

செப்டம்பர் 29, சனி

பகல் பதினொரு மணிக்கு ஞானமுத்து ஒரு தந்தியைக் கொண்டுவந்து என் டைப்ரைட்டர் மேல் வைத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"கோமதிநாயகம், ஆ. கறுப்பு. ஈப்போ ஆஸ்பத்திரியில் மலேரியாவோடு கண்டுபிடிக்கப்பட்டான். பெயர் சொல்லி அழைத்ததும் பதில் கொடுத்தான். கை அடையாளம் சரிபார்க்கப்பட்டது. காவலில் இருக்கிறான். ஹார்வுட்."

கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. சர்க்கார் தந்தியில் இருக்கக்கூடாத வரி. "மருந்து கொடுக்கப்படுகிறது."

விசாரணை உண்டு. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வக்கீல்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். உலகம்மாள் ஏறக்குறைய நாலு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "போலீசுக்காரன் பக்கத்துலயே இருப்பானா?"

"இருபத்திநாலு மணி நேரமும்."

"நல்லது. தண்ணி கேட்டா எடுத்துக் குடுப்பான்" என்றாள்.

அங்கிருந்து தந்தி ஆபீஸ். ஊருக்கு அடிக்க எழுதிக் கொடுத்தேன்: 'கோமதி கைது. சர்க்கரை வழங்கவும்.'

ஜன்னலுக்குள் இருந்தவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "சார், கைதுக்கா சர்க்கரை? எங்கேயோ தப்பா எழுதிட்டீங்க போல."

இல்லை, இந்த வருஷம் நான் தப்பில்லாமல் எழுதிய காகிதம் இது ஒன்றுதான் என்றேன்.